எனக்கு இல்லை என்று சொன்னவர்

அவரிடம் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்கவே யோசிக்க வேண்டும். ஊரில் எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதுதான். யாரும் பதிலுக்காகக் கேட்பதில்லை. அவர் மட்டும் நின்று, யோசித்து, “காலையில சாப்பிட்டேன். மத்தியானம் பாதி சாப்பிட்டேன். மாடு கத்துச்சு, எழுந்துட்டேன்” என்பார். கேட்டவர் அதற்குள் நாலு எட்டு தாண்டிப் போயிருப்பார். அவர் போனவரின் முதுகைப் பார்த்து மீதிப் பதிலையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் நகருவார்.

ரங்கூனில் லத்தா சந்தையில் புளிச்சகீரை விற்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பர்மியப் பெண்கள் கீரைமேல் தண்ணீர் தெளித்து “இப்பத்தான் பறிச்சது” என்று கூவுவார்கள். இவர் எதிரே இரண்டு குவியல் இருக்கும். “இது இன்னிக்கு, அது நேத்து” என்று பர்மிய மொழியில் எல்லோரிடமும் சொல்வார். நேற்றைய கீரையை யார் வாங்குவார்கள்? பத்து மணிக்கெல்லாம் இன்றைய குவியல் தீர்ந்துவிடும், நேற்றைய குவியலைத் தூக்கிக்கொண்டு படகேறிவிடுவார். வீட்டில் மாட்டுக்கு அதுதான். அந்த மாடு எங்கள் ஊரிலேயே கொழுத்த மாடு.

ரங்கூன் ஆற்றுக்கு அக்கரையில் டலா. அங்கிருந்து வயல்வரப்போடு அரைமணி நேரம் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். நடுவில் ஒரு குளம், சுற்றி முப்பது நாற்பது வீடுகள். பெருநகரம் ஒரு படகு தூரத்தில் இருந்தது. ஆனால் எங்களுக்குக் கோடையில் குடிக்கிற தண்ணீர் வீட்டுக்கு இரண்டு குடம்தான். நான் நகரத்தில் கியாக்டடா பகுதியில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அம்மா பர்மாக்காரி, எனக்குப் பதினெட்டு வயதில் இறந்துபோனாள். தமிழரான அப்பா அதற்கு முன்பே கப்பலேறி மதராசுக்குப் போனவர், போனவர்தான். இந்தக் கீரைக்காரரின் வளவில் ஓரமாக இருந்த குடிசையில் நான் வாடகைக்கு இருந்தேன்.

அவர் மனைவியை அக்கா என்று கூப்பிட்டேன், அவரை அண்ணே என்று கூப்பிட்டேன். அக்காவின் புருஷன் எப்படி அண்ணன் ஆவார் என்று சந்தையில் ஒரு செட்டிநாட்டுக் கிழவர் என்னைக் கேட்டதுண்டு. முறை பார்த்துத் திருத்துவதற்கு எனக்கென்று சொந்தக்காரர் ஒருவர்கூட இருந்ததில்லை. எனக்குக் கிடைத்தது அந்த இரண்டு பேர்தான்.

ஒருமுறை என் குடிசைக் கூரையை வேய்ந்து கொடுத்தார். கீழே இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு, “ரெண்டு மழைக்காலம் தாங்கும். மூணாவதுக்கு நான் சொல்லமுடியாது” என்றார். மூன்றாவது மழைக்காலம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, நான் கேட்காமலேயே, ஓலைக்கட்டோடு வந்து நின்றார்.

அவர்கள் மென்னோனைட் என்னும் சபையைச் சேர்ந்தவர்கள். இந்தியாவில் எங்கோ வெள்ளைக்காரப் போதகர் ஒருவரிடம் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்ட ஆறு குடும்பங்கள், வெள்ளைக்காரன் காலத்தில் வந்து எங்கள் ஊர்க் காட்டை வெட்டி வயலாக்கியதாகச் சொல்வார்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கமாட்டார்கள். சத்தியம் செய்யமாட்டார்கள். ஆயுதம் எடுக்கமாட்டார்கள். நகரத்து ரோமன் கத்தோலிக்கர்களும் மெதடிஸ்டுகளும் அவர்களைக் “கால் கழுவுற சபை” என்று கிண்டலாகச் சொல்வார்கள். வருஷத்துக்கு இரண்டு முறை திருவிருந்து; அப்பமும் திராட்சரசமும் எடுத்த பிறகு, ஆண்கள் பக்கம் ஆண்களும் பெண்கள் பக்கம் பெண்களுமாக இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் கழுவித் துடைப்பார்கள். பர்மிய ஊர்த்தலைவருக்கு அவர்கள் யாரென்றே கடைசிவரை புரியவில்லை. பதிவேட்டில் “கிறிஸ்தவர், வேறு வகை” என்று எழுதி வைத்திருந்தார்.

கால் கழுவுவதைவிட எனக்கு விசித்திரமாகப் பட்டது அதற்கு முந்தின ஞாயிறு நடக்கும் கூட்டம். சமாதானக் கூட்டம் என்பார்கள். சபையில் சேராதவர்களும் கடைசி பெஞ்சில் உட்காரலாம். நான் அக்காவுக்குத் துணையாகப் போய் உட்காருவேன். மூப்பர், அதாவது சபையை நடத்துகிறவர், நோட்டைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் எழுந்து, “எனக்கு எல்லோரோடும் சமாதானம் இருக்கிறது” என்று சொல்லவேண்டும். யாருக்காவது யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் “எனக்கு இல்லை” என்று சொல்லவேண்டும். ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டால் போதும், முழுச் சபைக்கும் திருவிருந்து கிடையாது. மூப்பர் “யாரோடு?” என்று கேட்டு, இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசித் தீர்க்கவேண்டும். தப்பு செய்தவர் அரைகுறையாக ஒப்புக்கொள்ள முடியாது. என்ன செய்தேன், எப்போது செய்தேன், கூட யார் இருந்தார்கள் என்று எல்லோர் முன்பும் முழுசாகச் சொல்லவேண்டும்.

ஊரில் யாருக்கும் யாரோடும் மனத்தாங்கல் இல்லாத வருஷம் உண்டா? வரப்புத் தகராறு, வாத்துத் தகராறு, மருமகள் தகராறு எல்லாம் அங்கேயும் இருந்தன. ஆனாலும் எல்லோரும் எழுந்து சமாதானம் என்று சொல்லிவிட்டு உட்காருவார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

எண்பத்தெட்டாம் வருஷக் கடைசியில் அவர் முறை வந்தபோது எழுந்து நின்று, “எனக்கு இல்லை” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த ஈஸ்டருக்கு முன்பு மறுபடியும் அதையே சொன்னார். பிறகு வருஷத்துக்கு இரண்டு முறை, பதினேழு வருஷம், அதையே சொன்னார். பதினேழு வருஷமும் அந்தச் சபையில் ஒருவர் வாயிலும் அப்பம் படவில்லை. பாட்டிருந்தது, ஜெபமிருந்தது, அது மட்டும் இல்லை. அவருக்குச் சமாதானம் இல்லாமல் போனதற்குக் காரணம் நான்.

அந்த வருஷம் அரசாங்கத்துக்கு எதிரான கிளர்ச்சியில் நகரம் கலங்கிக் கிடந்தது. படகு நின்றுபோயிற்று. என் அலுவலகம் பூட்டிக் கிடந்தது, சம்பளம் இல்லை. சந்தையும் இல்லை, கீரை செடியிலேயே முற்றிப் பூத்துவிட்டது. அவருக்கு மலேரியா. எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தார். காய்ச்சல் விட்ட நேரத்தில் கொடுக்கக் கஞ்சிக்கு அரிசி இல்லை. எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் ஒரு சட்டி ஙப்பி என்கிற மீன்விழுதும் கொஞ்சம் உப்பும்தான்.

ஒரு காலையில், ஆற்றோரம் இருந்த அரசாங்க அரிசிக் கிடங்கை உடைத்துவிட்டார்கள் என்று சத்தம் கேட்டது. ஊரே ஓடிற்று. அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். இருவரும் ஓடினோம். ஒரு மூட்டையைத் தூக்க முடியாமல் கோரைப்பாயில் போட்டு வரப்பெல்லாம் இழுத்து வந்தோம். வழியில் சபைக்காரர்கள் பலர் தலையில் மூட்டையோடு எங்களைக் கடந்து போனார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மூப்பரும் போனார். அவர் மூட்டைக்கு மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார்.

குளத்தங்கரையில் அக்கா நின்றுவிட்டாள்.

“கேட்டா என்னடி சொல்றது? இது கிடங்கு அரிசின்னு தெரிஞ்சா அவர் செத்தாலும் வாயில வைக்கமாட்டார்.”

“துவாந்தேயில இருந்து உங்க அண்ணன் கொடுத்தனுப்பிச்சார்னு சொல்லுங்க” என்றேன்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அலுவலகத்தில் தாமதமாகப் போனால் என்ன காரணம் சொல்வது, யார் பெயரில் பழியைப் போடுவது என்றெல்லாம் எனக்குக் கைவந்த கலை. அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. வீடு வந்து சேரும்வரை அந்த ஒரு வாக்கியத்தை முணுமுணுத்துப் பழகிக்கொண்டே வந்தாள்.

அந்த அரிசியில்தான் அவர் பிழைத்தார். ஒவ்வொரு வேளையும் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மைத்துனருக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வார். அக்கா அப்போது அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அத்தோடு போயிருக்கும். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு போயிருக்கும். இவர் கால் ஊன்றி நடக்க முடிந்த முதல் வாரத்திலேயே, யாரிடமும் சொல்லாமல், கொல்லையில் இருந்த பெரிய பூசணிக்காயைத் தோளில் தூக்கிக்கொண்டு, கால்வாய்க் கரையோடு ஒரு பகல் முழுக்க நடந்து துவாந்தேக்குப் போனார். மைத்துனருக்கு நேரில் நன்றி சொல்லவேண்டுமாம். அந்த மனிதர் “என்ன அரிசி?” என்று கேட்டிருக்கிறார். அவரே அந்த மாதம் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தாராம்.

மறுநாள் சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

“பூசணிக்காய் எங்கண்ணே?” என்று கேட்டேன். கேட்க வேறொன்றும் தோன்றவில்லை.

“கொடுத்துட்டேன். அவருக்குன்னு கொண்டுபோனதுதானே.”

பிறகு உள்ளே போனார். குடிசையில் இருந்தபடி எல்லாம் கேட்டேன். சத்தம் போடவில்லை, அவர் ஒருபோதும் சத்தம் போட்டதில்லை. அரிசி எங்கிருந்து வந்தது என்று கேட்டார். “கிடங்குல இருந்து நான்தான் கொண்டுவந்தேன், உங்ககிட்ட பொய் சொன்னேன்” என்று அக்கா சொன்னாள்.

“தப்புன்னு சபையில ஒரு வார்த்தை சொல்லிடு. முடிஞ்சுபோயிடும்.”

“நீங்க உசுரோட உக்காந்திருக்கறது தப்பா?”

“அரிசியைச் சொல்லலை. பொய்யைச் சொல்றேன்.”

“தப்புன்னு சொல்லமாட்டேன்” என்றாள் அக்கா.

நான் வெளியே போய், யோசனை என்னுடையது என்று சொல்லியிருக்கவேண்டும். போகவில்லை. அப்போது கிடங்கு உடைத்தவர்களைத் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அரசாங்க வேலையில் இருப்பவள் கிடங்கு அரிசியை இழுத்து வந்தாள் என்று தெரிந்தால் வேலை போய்விடும், இன்னும் என்னென்னவோ ஆகும். இந்த மனிதரிடம் சொன்னால், நாளை யார் வந்து கேட்டாலும் ஒன்று உள்ளதைச் சொல்வார், அல்லது சொல்லமாட்டேன் என்பார். “தெரியாது” என்ற ஒரு சொல் மட்டும் அவரிடமிருந்து கிடைக்காது.

அந்தப் பயம் சரியானதுதான் என்று கொஞ்ச நாளில் தெரிந்தது. அறுவடை முடிந்ததும் தன் நெல்லைக் குத்தி, சரியாக ஒரு மூட்டை அரிசி கட்டி, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு கிடங்குக்கே போய்விட்டார். அங்கிருந்த அதிகாரியிடம், “இங்கிருந்து போன அரிசியை நான் சாப்பிட்டேன், திருப்பிக் கொடுக்க வந்திருக்கேன்” என்றிருக்கிறார். யார் எடுத்தது என்று கேட்டதற்கு, “அதை நான் சொல்லமாட்டேன்” என்றாராம். அதிகாரி பாவம். அரிசியைக் கொடுப்பதற்குப் படிவம் இருந்தது. திருடுபோன அரிசியை வாங்கிக்கொள்வதற்குப் படிவம் இல்லை. இரண்டு மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, “ஊலே, வீட்டுக்குப் போய்த் தூங்குங்க” என்று அனுப்பிவிட்டார். பர்மியர்கள் எல்லோரும் அவரை ஊலே, சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் மூட்டையைக் கிடங்கு வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்தார். அதைச் சிட்டுக்குருவி தின்றதோ காவல்காரன் தின்றானோ தெரியாது.

அந்த வருஷக் கடைசியில்தான் முதல்முறையாக “எனக்கு இல்லை” என்றார்.

அந்த அறையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கிடங்கு அரிசி சாப்பிட்டவர்கள். ஒவ்வொருவரும் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்தார்கள். மூப்பர் “யாரோடு?” என்று கேட்டிருக்கவேண்டும், அதுதான் வழக்கம். அவர் நோட்டைப் புரட்டினார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். துண்டு போட்டு மூடிய மூட்டையை அவரும் மறந்திருக்கமாட்டார். கேட்கப் பயந்த மூப்பரும், கேட்காமல் சொல்லாத இவரும், பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அக்காவும், கடைசி பெஞ்சில் நானுமாக அந்தக் கூட்டம் கலைந்தது. பின்னால் வந்த கூட்டங்களும் அப்படியே கலைந்தன.

அவரும் அக்காவும் பேசாமல் இருந்தார்கள் என்று நினைக்கவேண்டாம். தினமும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். கோடையில் குளத்துக்குப் போய்த் தண்ணீர் எடுப்பது பெண்கள் வேலை என்று ஊர் சொல்லும். இவர் அக்காவைக் குடம் தூக்க விட்டதே இல்லை. சந்தையிலிருந்து வரும்போது அவளுக்குத் தனாக்கா என்னும், சந்தனம் போன்ற கட்டை வாங்கி வருவார். அவள் அதைக் கல்லில் இழைத்துக் கன்னத்தில் பூசிக்கொள்ளும்போது பக்கத்தில் உட்கார்ந்து கீரைக்கட்டு கட்டுவார். பிள்ளை இல்லாத வீடு. வெளியிலிருந்து பார்த்தால் ஊரிலேயே ஒற்றுமையான புருஷன் பெண்சாதி. வருஷத்துக்கு இரண்டு நாள் மட்டும் அவர் எழுந்து நின்று அந்த இரண்டு சொல்லைச் சொல்வார். வீட்டுக்கு வந்து அவள் போட்ட சோற்றைச் சாப்பிடுவார். அக்கா அந்த இரண்டு நாளும் எனக்கு எதிரே உட்கார்ந்து எதையாவது கிள்ளிக்கொண்டே இருப்பாள்.

நான் ஒருமுறை அவரிடம் ஏதோ சின்ன விஷயத்துக்கு, “சத்தியமாண்ணே, நான் எடுக்கலை” என்றேன். சாணைக்கல்லோ அரிவாளோ காணாமல் போயிருந்தது.

“சாதாரணமா சொன்னாலே நம்புவேனே தங்கச்சி. நீ என்கிட்ட பொய் சொன்னதில்லையே” என்றார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவிடம் போய், இன்று சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அப்போது கிடங்கு விவகாரம் அதிகாரிகளுக்கு மறந்துபோயிருந்தது, பயப்பட ஒன்றுமில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்டி. உன்னைப் போன்னு சொல்லமாட்டார். ஆனா இவ பொய் சொன்னவன்னு ஒவ்வொரு தடவை உன் முகத்தைப் பாக்கறப்பவும் அவருக்குத் தோணும். அந்தப் பார்வையை நான் தாங்கிக்கறேன். நான் பெண்டாட்டி. நீ எங்கடி போவே?”

நான் கேட்டுக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது. முதலில் பயம், பிறகு பயமே பழக்கம். அப்படியே வருஷங்கள் ஓடின. சபையில் சிலர் இறந்தார்கள். சிலர் பிள்ளைகளோடு நகரத்தில் மிங்கலா தாங்ஞுன்ட் பக்கம் குடிபோய், அங்கே அவரவருக்குக் கிடைத்த கோயிலில் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் மூப்பரும் இவரும் ஐந்து பெண்களும்தான்.

இரண்டாயிரத்து ஐந்து மழையில் அக்கா படுத்தாள். வயிற்றில் கட்டி. மூப்பர் வந்து ஜெபம் பண்ணினார். அவர் கையில் அப்பம் இல்லை, கொண்டுவரவும் முடியாது. அவர் போனபின் அக்கா என்னிடம், “அந்த அப்பத்தோட ருசியே மறந்துபோச்சுடி. இனிப்பா, உப்பா, உனக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். நான் சபையைச் சேராதவள், எனக்கு எப்படித் தெரியும். இவர் அப்போது அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை. “உப்பில்ல. சப்புன்னு இருக்கும்” என்றார்.

எனக்கு அவரைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சாகிறவளுக்காக ஒரு பொய் சொல்லக் கூடாதா? அவள் அவருக்காகச் சொல்லவில்லையா? பத்து நாளில் அக்கா போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து, ஒரு காலையில், அவர் வாசலில் உட்கார்ந்து கீரைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தபோது எதிரே போய் உட்கார்ந்தேன். எனக்கு நாற்பத்துமூன்று வயது. பள்ளிக்கூடப் பிள்ளைபோல வார்த்தை திக்கிற்று.

“அண்ணே, அந்த அரிசி. உங்க மச்சான் கொடுத்தார்னு சொல்லச் சொன்னது நான். மூட்டையை நாங்க ரெண்டு பேரும்தான் இழுத்துட்டு வந்தோம். அக்காவுக்குப் பொய் சொல்லவே தெரியாது. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.”

அவர் கையில் இருந்த நாரை முடிச்சுப் போட்டு முடித்தார். கட்டைக் கீழே வைத்தார்.

“எங்க வச்சு?”

“குளத்தங்கரையில.”

“அவ கேட்டாளா, நீயா சொன்னியா?”

“என்ன சொல்றதுன்னு கேட்டாங்க. நானாத்தான் சொன்னேன்.”

“சரி” என்றார். “சொல்லிட்ட. உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. உன்னோட எனக்குச் சமாதானம்.”

இவ்வளவுதான். பதினேழு வருஷம் அக்காவுக்குக் கிடைக்காதது எனக்கு ஒரு நிமிஷத்தில் கிடைத்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது.

“இதை அக்காவுக்குச் சொல்லியிருந்தா என்ன? உங்க வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்?”

“அவ தப்புன்னு சொல்லலையே. சொன்னா முழுசும் சொல்லணும். கூட யாருன்னு...”

அங்கே நிறுத்தினார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால், தன்னோடு இருந்தது யார் என்றும் சபை முன்னால் சொல்லவேண்டும். அக்கா பிடிவாதத்தால் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. என் பெயரை வாயில் வைத்து மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அவ உன்னை விட்டுக் கொடுக்கலை” என்றார். பிறகு, “கூட யாராவது இருந்தாங்களான்னு நான் ஒரு தடவைகூடக் கேக்கலை. தப்புன்னு சொல்லு, தப்புன்னு சொல்லுன்னு அதையே கேட்டேன்” என்றார். அன்றைய கீரையை அவர் சந்தைக்குக் கொண்டுபோகவில்லை. மறுநாளும் போகவில்லை.

துக்க வீடு என்று அந்த வருஷக் கடைசிக் கூட்டத்தை மூப்பர் நடத்தவில்லை. அடுத்த ஈஸ்டருக்கு முன் சமாதானக் கூட்டம் வந்தது. கடைசி பெஞ்சில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். நாலு பெண்களும் சமாதானம் என்று சொல்லி உட்கார்ந்தார்கள். அவர் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தார்.

“எனக்கு இல்லை.”

மூப்பர் நோட்டைப் புரட்டவில்லை. எண்பது வயது தாண்டிவிட்டது, இனி என்ன பயம் என்று நினைத்தாரோ என்னவோ. “யாரோடப்பா?” என்று கேட்டார். பிறகு அவர் சொல்வதற்குள் தானே, “என்னோடதான்னா சொல்லிடு. அந்தக் கிடங்கு அரிசி நானும் எடுத்தேன்” என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, “நாங்களும்தான்” என்றாள். இன்னொருத்தி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அவர்கள் தன்னைப் பார்த்துப் பயந்திருந்தார்கள் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. “உங்க யாரையும் நான் சொல்லலையே” என்றார். “என் பெண்டாட்டியைச் சொன்னேன். இத்தனை வருஷமும் அவளைத்தான் சொன்னேன். அவமேல இருந்தது தீர்ந்துபோச்சு. இப்ப அவளுக்கு என்மேல இருக்கும். கேட்டுத் தீர்த்துக்க ஆள் இல்ல.”

“செத்துப்போனவங்களோட கணக்கு ஆண்டவர் பாத்துக்குவார்” என்றார் மூப்பர்.

“பாத்துக்குவார். ஆனா எனக்குச் சமாதானம் இருக்குன்னு நான் எப்படிச் சொல்றது? இல்லையே.” கையால் நோட்டைக் காட்டி, “என் பேரை நோட்டுல அடிச்சுடுங்க. நான் இல்லைன்னா நீங்க அப்பம் எடுக்கலாம். இதை முன்னாடியே செஞ்சிருக்கணும், தோணலை” என்றார்.

மூப்பர் மாட்டேன் என்றார். பெண்கள் அழுதார்கள். அவர் நின்றுகொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம் உட்காராமல் நின்றார். கடைசியில் மூப்பர் பேனாவை எடுத்தார்.

அடுத்த ஞாயிறு காலை, குளத்திலிருந்து இரண்டு குடம் தண்ணீர் அவரே கொண்டுவந்தார். அவர் வீட்டின் அன்றைய பங்கு அவ்வளவும் அதுதான். கால் கழுவுவதற்காக அதைச் சபை வாசலில் வைத்துவிட்டு வெளிப்படியில் உட்கார்ந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறு எங்கே போவது? உள்ளே பாட்டு தொடங்கியது. நாலு கிழவிகளின் குரலும் மூப்பரின் உடைந்த குரலும். அவருக்கு அந்தப் பாட்டு முழுக்கத் தெரியும். உதடுகூட அசையவில்லை.

அப்பம் எடுத்தார்கள். ரசம் எடுத்தார்கள். பிறகு பெண்கள் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தி காலை ஒருத்தி மடியில் வைத்துக் கழுவினார்கள். ஆண்கள் பக்கம் ஒரு பெஞ்சு, ஒரு பேசின், மூப்பர். எதிர் பெஞ்சில் யாரும் இல்லை. மூப்பர் கொஞ்ச நேரம் அந்தப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லுங்கியை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு கையால் பெஞ்சைப் பிடித்தபடி குனிந்து, தன் காலைத் தானே கழுவத் தொடங்கினார். அந்த வயதில் குனிவது கஷ்டம். இரண்டு தரம் நிமிர்ந்து மூச்சு வாங்கினார்.

“போங்கண்ணே” என்றேன். “ஒரு கிழவர் காலைக் கழுவறதுக்கு நோட்டுல பேர் இருக்கணுமா?”

“இருக்கணும்.”

“மூப்பர் ஒண்ணும் சொல்லமாட்டார்.”

“அவர் சொல்லமாட்டார்” என்றார்.

ஆனால் எழுந்தார். வாசல்வரை போனார். நிலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். மூப்பர் தலை நிமிர்ந்து பார்த்தார். கழுவாத இடது காலைத் தண்ணீரில் வைத்தபடி, கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். பெண்களும் நிறுத்திவிட்டார்கள். போ, போ என்று மனசுக்குள் அவரைத் தள்ளினேன்.

அவர் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டையும் கையால் இறுகப் பிடித்துக்கொண்டார். உள்ளே மூப்பர் இடது காலையும் தானே கழுவி, துண்டை எடுத்துத் தானே துடைத்துக்கொண்டார்.